சூடு வந்துருச்சு

கைதட்டுச் சத்தம் எனக்கு ஆகாது. கல்யாண வீடானாலும் சரி, பள்ளிக்கூட ஆண்டு விழாவானாலும் சரி, நாலு பேரு சேந்து தட்ட ஆரம்பிச்சா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். என் மருமக இதுக்குப் பேரே வச்சிருக்கா, "அத்தைக்குக் கைதட்டு அலர்ஜி"ன்னு. அவ சிரிச்சுட்டுப் போறா, சின்னப் புள்ள. உங்ககிட்டயாவது காரணத்தச் சொல்லிருவோம்னுதான் இன்னைக்கு உக்காந்தேன்.

வட்டக்கானல்ல நான் சமைக்கிற கெஸ்ட் ஹவுஸ் உங்களுக்குத் தெரியும். போன வாரம் அங்க ஒரு கம்பெனிப் பயலுக கூட்டம் வந்து எறங்குச்சு. ஊரு சுத்திப் பாக்க இல்லையாம், லீடர்ஷிப் கேம்ப்பாம். கன்னத்துல மைக்க ஒட்ட வச்சுக்கிட்டு ஒரு சார் கூட வந்திருந்தாரு. நல்ல மனுசன்தான், என் ரசத்த ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சாரு. பயலுகள வாசல்ல வட்டமா நிக்க வச்சு, "ஆம்பளைன்னா ஒரு நோக்கம் வேணும்! விழுந்தவன எழுப்பி நிறுத்துறவன்தான் தலைவன்!"னு கத்துறாரு. ஒருத்தன் நடுவுல வந்து புல்லுல படுக்கணும். இன்னொருத்தன் அவனக் கையப் புடிச்சுத் தூக்கி நிறுத்தணும். நிறுத்துனதும் சுத்தி நிக்கிற அம்புட்டுப் பேரும் கையத் தட்டணும். நான் அடுப்படி ஜன்னலச் சாத்திட்டு அப்படியே நின்னுட்டேன், கல்லுல கெடந்த சப்பாத்தி கருகிப்போச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் போனத் தொறந்தா, நம்ம ஜனங்களோட குரூப்புல எங்கப்பா படம். மண்டபம் முகாம்ல எடுத்த படத்தச் சுத்தி ரோசாப்பூ போட்டு, "ஆம்பளைன்னா இவரப் போல இருக்கணும், நம்ம ஜனத்த எழுப்பி நிறுத்துன தலைவர்"னு எழுதி விட்டிருந்தீங்க. அதுக்குக் கீழ வரிசையா கும்பிடுற கை, கைதட்டுற கை. கோவம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். அப்புறம் யோசிச்சேன். உங்கள்ல பாதிப் பேரு நாம மலைக்கு வந்த குளிர்காலத்துல அம்மா இடுப்புல இருந்தீங்க. மீதிப் பேரு மூக்கொழுகிக்கிட்டு மரப்பட்டைக் கட்டு மேல ஏறி வெளையாண்டீங்க. எனக்கு ஒம்பது வயசு, வேலை வேற குடுத்திருந்தாங்க. அதனால நான் எல்லாத்தையும் பாத்தேன்.

பேரு எதுவும் சொல்லப் போறதில்ல. செத்தவங்க பேர போன்ல போட்டு உருட்ட எனக்கு மனசில்ல. உறவு சொன்னாலே உங்களுக்கு வெளங்கும்.

சிலோன்ல எங்கப்பா தேயிலைத் தோட்டத்துக் கங்காணி. அவருக்குக் கீழ ஒரு கும்பலே வேலை செஞ்சுச்சு. அங்கருந்து எங்களத் திருப்பி அனுப்பி, கப்பல்ல வந்து எறங்குன அன்னைக்கே அதெல்லாம் போச்சு. முகாம்ல கெடந்தோம். அங்க வந்த ஒரு காண்ட்ராக்டர் மலையில வேலை இருக்கு, வீடு இருக்குன்னு லாரியில ஏத்திக்கிட்டு வந்தாரு. பூம்பாறையத் தாண்டி, பஸ் போற ரோட்டையும் தாண்டி, வாட்டில் மரக் காட்டுக்குள்ள கொண்டாந்து எறக்கி விட்டாரு. மரத்த வெட்டி, பட்டைய உரிச்சு, கட்டுக் கட்டி லாரிக்குச் சுமக்கணும். தோலு பதப்படுத்துற எடத்துக்கு அந்தப் பட்டை போகும். வீடுன்னு அவர் சொன்னது நாலு கம்பு நட்டு, தைல மரத் தழையப் போட்டு, மேல பிளாஸ்டிக் தாள் விரிச்ச குடிசை. காத்தடிச்சா தாளு ராவெல்லாம் படபடன்னு அடிக்கும்.

குளிரு நமக்குப் புதுசு இல்லதான். அங்கயும் மலைதான். ஆனா அங்க லயத்து வீட்டுல சுவரு இருந்துச்சு, கூரைத் தகரம் இருந்துச்சு. இங்க வெள்ளனே எந்திரிச்சு வெளிய வந்தா புல்லு பூராம் உப்புத் தூவுன மாதிரி வெள்ளையா கெடக்கும். கால வச்சா நொறுங்கும். தைல எல வாசமும் பச்சப் பட்டையோட துவர்ப்பு வாசமும் சோத்துல கூட இருக்கும். உரிச்சுப் போட்ட பட்டைச் சாறு பட்டு எல்லாரு கையும் கறுத்துப்போச்சு, எங்கம்மா கை சாகுற வரைக்கும் அந்தக் கறை முழுசா போகல.

வந்த கொஞ்ச நாள்ல ஆம்பளைங்க படுக்க ஆரம்பிச்சாங்க. இத எப்படிச் சொல்லுவேன்? காய்ச்சல் இல்ல, தலவலி இல்ல. கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டு தழை மறைப்புப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. பொம்பளைங்க படுக்கல, படுக்க நேரம் ஏது? தண்ணி எடுக்கணும், வெறகு பொறுக்கணும், புள்ளைக்கு ஏதாவது காய்ச்சி ஊத்தணும். ஆம்பளைங்கதான் படுத்தாங்க. எங்க குடிசைக்கு அடுத்த குடிசையில தையக்கார பெரியப்பா இருந்தாரு. அவரு தையல் மிஷின முகாம்லயே வித்துத் தின்னுட்டாங்க. மனுசன் ஒரு நாள் படுத்தாரு, எந்திரிக்கவே இல்ல. பெரியம்மா கஞ்சிய வாய்கிட்ட கொண்டு போனா மொகத்தத் திருப்பிக்குவாரு. ஒரு காலையில தொட்டுப் பாத்தா சில்லுனு கெடந்தாரு.

அவர மண்ணுல வச்சுட்டு வந்து எங்கப்பா ரொம்ப நேரம் அடுப்பப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. அப்புறம் அம்மாகிட்ட, "அவரு நோயில சாகல. படுத்துச் செத்தாரு"ன்னாரு. "இனி ஒருத்தனப் படுக்க விட மாட்டேன்"னு எந்திரிச்சுப் போனாரு. அவரு மொகத்துல கங்காணிக் களை அன்னைக்குத்தான் திரும்ப வந்துச்சு.

நேரா கடைக்கார மாமா குடிசைக்குப் போனாரு. தோட்டத்துல பெட்டிக்கடை வச்சிருந்தவரு, மாமாவும் படுத்து நாளாச்சு. அப்பா கம்பளியப் புடுங்கி வெளிய எறிஞ்சாரு. "எழும்பு மச்சான். எழும்புய்யா." நம்ம ஆளுங்க எந்திரின்னு சொல்ல மாட்டாங்க இல்ல, எழும்புன்னுதான் சொல்லுவாங்க. மாமா வாயில வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டுனாரு. அப்பா காதுலயே வாங்கல. அக்குளுக்கு அடியில கையக் குடுத்துத் தூக்கி, புள்ளைய நடக்கப் பழக்குற மாதிரி வாசல்ல சுத்திச் சுத்தி நடத்துனாரு. மாமா ஒடம்பு பொணம் மாதிரி சில்லுனு இருந்துச்சாம். நடக்க நடக்க மூச்சு வாங்குச்சு, மூக்கு செவந்துச்சு. அப்பா பொறங்கைய மாமா கழுத்துல வச்சுப் பாத்துட்டு, "சூடு வந்துருச்சு!"ன்னு கத்துனாரு. வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தவங்க ஏன்னு தெரியாமலே கையத் தட்டிட்டாங்க. மாமா அழுதுட்டாரு. பிளேன்டீ குடுத்து, கையில கத்தியக் குடுத்து அனுப்புனாங்க. ஒரு வாரத்துல வேலைக்கு அவரே முன்னாடி நடந்து போனாரு.

அப்புறம் அதுவே ஒரு வழக்கமாச்சு. எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டக் கொண்டாந்து மரத்துல கட்டித் தொங்கவிட்டாரு. விடிஞ்சதும் நான்தான் கல்லால அடிக்கணும். தோட்டத்துல காலையில ஆளெல்லாம் கூடி நிப்பாங்க இல்லையா, பெரட்டு, அத அப்படியே இங்க கொண்டாந்துட்டாரு. சத்தம் கேட்டதும் எல்லாரும் கம்பளிய மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு வரணும். வந்து அந்தக் கம்பளிய எங்கிட்டக் குடுத்துட்டு வேலைக்குப் போகணும். சாயந்தரம்தான் திரும்பக் கெடைக்கும். "பகல்ல கையில கம்பளி இருந்தா மனுசன் படுக்கத்தான் பாப்பான்"னு அப்பா சொல்லுவாரு. எவனாவது வரலேன்னா அப்பாவே போயி எழுப்பி நடத்துவாரு. எல்லாரும் சுத்தி நின்னு நடைக்கு ஏத்தாப்புல கை தட்டுவாங்க. சூடு வந்துருச்சுன்னு அவரு சொன்னதும் ஒரே ஆரவாரமா இருக்கும்.

அந்தக் கம்பளிகதான் என் சோலி. எல்லாம் முகாம்ல குடுத்த ஒரே சாம்பல் நெறக் கம்பளி. ஆளுக்கொரு நெறத்துல மூலையில நூல் கோத்து அடையாளம் வச்சிருந்தாங்க. எனக்கு நூலே தேவையில்ல, மோந்து பாத்தாலே சொல்லிருவேன். பீடி வாசம் அடிச்சா கடைக்கார மாமாது. வேப்பெண்ணெ வாசம்னா கோடிக் குடிசைத் தாத்தாது. எல்லாத்தையும் அடுக்கி வச்சுட்டு, அம்மா தண்ணிக்குப் போன நேரம் அந்த அடுக்குக்குள்ள பூந்து படுத்துக்குவேன். அந்த மலையில எனக்குக் கெடச்ச ஒரே சொகம் அதுதான்.

இங்க ஒரு உண்மையச் சொல்லணும். எங்கப்பா செஞ்சது வேலை செஞ்சுச்சு. பொய் இல்ல. படுத்தவங்க எழும்புனாங்க. ஆம்பளைங்க மொகம் சவரம் பண்ண ஆரம்பிச்சாங்க. பொண்டாட்டிய அடிக்கிறது கொறஞ்சுச்சு. காண்ட்ராக்டரோட மேஸ்திரி கூட அப்பாவப் பாத்தா குரல எறக்கித்தான் பேசுவாரு. ஒரு பழைய காக்கிக் கோட்டக் கொண்டாந்து குடுத்தாரு. அப்பா அதக் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கிட்டு தண்டவாளத்துக்குப் பக்கத்துல நிக்கிறத நெனச்சா, இப்பவும் எனக்கு நெஞ்சு நெறையுது. நீங்க ரோசாப்பூ போட்டது அந்த மனுசனுக்குத்தான். போடுங்க, வேணாங்கல.

இப்ப எங்க சித்தப்பாவுக்கு வருவோம். அப்பாவோட ஒரே தம்பி, கல்யாணம் ஆகாதவரு. மூணு எளவட்டங்க ஒரு குடிசையில இருந்தாங்க, அதுல ஒருத்தரு. வாயாடி. தோட்டத்துத் தொரை எப்படி நடப்பாரு, எப்படித் தமிழ் பேசுவாருன்னு நடிச்சுக் காட்டுனா அழுதுக்கிட்டு இருக்கிற பொம்பள கூட சிரிச்சிரும். தைல மரக் காயோட மூடியில ஊதி விசில் அடிக்க எனக்குச் சொல்லிக் குடுத்தது அவருதான். அவரு கம்பளிக்குப் பச்சை நூலு. அதுல மட்டும் எப்பவும் சோப்பு வாசம் அடிக்கும்.

ஒரு தடவ சித்தப்பா பெரட்டுக்கு வரல. அப்பா போயி கம்பளிய இழுத்தா, கண்ணு செருகி நாக்க வெளிய நீட்டிக்கிட்டு கெடக்காரு. அப்பா பதறிப்போயி அக்குள்ல கையக் குடுத்தா, கிச்சுகிச்சு மூட்டுன மாதிரி சித்தப்பா கெக்கெக்கென்னு சிரிச்சுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா மட்டும் சிரிக்கல. "ஏலே, இது வெளையாட்டு இல்ல. ஒரு மனுசன் இப்படிப் படுத்துத்தான் செத்தான்"னு அத்தன பேரு முன்னாடியும் திட்டிப்புட்டாரு. சித்தப்பா மொகம் சுருங்கிப்போச்சு. அன்னைக்குச் சாயந்தரம் எங்க அடுப்புகிட்ட வந்து உக்காந்து, "அண்ணே, இனி செய்ய மாட்டேன்"னாரு. அப்பா அவரு தலையத் தடவிக் குடுத்தாரு, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு நல்ல மழை. நனஞ்சுக்கிட்டே பட்டை சுமந்தாங்க. சித்தப்பா ரெண்டு நாளா இருமிக்கிட்டு இருந்தாரு. எங்கம்மா சுக்குத் தட்டிப் போட்டுக் குடுத்துச்சு. மழை விட்ட மறுநாள் வானம் வெளுத்து, பனி கொட்டுச்சு. நான் தண்டவாளத்த அடிச்சேன். எல்லாரும் வந்தாங்க, சித்தப்பா வரல. திரும்பவும் அடிக்கச் சொன்னாரு அப்பா. அடிச்சேன். அப்பவும் வரல.

கூட்டத்துல யாரோ ஒரு ஆளு மெதுவா, "தம்பின்னா விட்ருவாரு"ன்னு சொன்னாரு. யாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவரையும் அப்பா முன்னாடி ஒருக்க கம்பளியப் புடுங்கி நடத்தியிருந்தாரு, அந்த வெக்கம் அவருக்கு. சொன்னது அப்பா காதுல விழுந்துச்சு. கோட்டுப் பொத்தானச் சரி பண்ணிக்கிட்டு நடந்தாரு. நான் பின்னால ஓடுனேன்.

சித்தப்பா சுருண்டு கெடந்தாரு. பல்லு கடகடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. "அண்ணே, இன்னைக்கு ஏலாது. நெஞ்சு குத்துது"ன்னாரு. அப்பா குனிஞ்சு பாத்தாரு. ஒரு நிமிசம் அவரு மொகம் அண்ணன் மொகமாத்தான் இருந்துச்சு. வாசல்ல திரும்பிப் பாத்தாரு, அங்க அத்தன ஆம்பளைங்களும் வந்து நிக்கிறாங்க. "எல்லாருக்கும் மொதல்ல ஏலாதுதான் தம்பி. எழும்பு"ன்னாரு. கம்பளிய உருவி எங்கிட்ட நீட்டுனாரு. வாங்கிக்கிட்டேன். அது கையில சுடச்சுட இருந்துச்சு, எனக்கு எதமா இருந்துச்சு.

அப்பா தன்னோட காக்கிக் கோட்டக் கழட்டி சித்தப்பாவுக்குப் போட்டு, கழுத்து வரைக்கும் ஒவ்வொரு பொத்தானா மாட்டி விட்டாரு. கொடுமைக்காரன்னு எங்கப்பாவ நெனச்சிராதீங்க. அந்தப் பனியில அவரு வெறும் சட்டையோட நின்னாரு. அக்குள்ல கையக் குடுத்துத் தூக்கி வெளிய கொண்டாந்தாரு. ரெண்டு எட்டு வச்சதும் பொறங்கைய கழுத்துல வச்சாரு. அவரு மொகம் அப்படியே மலந்துச்சு. "சூடு வந்துருச்சு!"ன்னு கத்துனாரு. "ஏய், இவ்வளவு வெரசா எவனுக்கும் வந்ததில்ல! என் தம்பிடா!"

எல்லாரும் தட்டுனாங்க. அவ்வளவு பலமா அதுக்கு முன்னாடி தட்டி நான் கேட்டதில்ல. மலை எதிர்ப்பக்கம் போயித் திரும்பி வந்துச்சு அந்தச் சத்தம். எங்கம்மா தண்ணிக் கொடத்தோட வந்துக்கிட்டு இருந்துச்சு. கொடத்தப் போட்டுட்டு ஓடியாந்து, "ஏங்க, அது சொரம்ங்க! அது சூடு இல்லைங்க, சொரம்!"னு கத்துது. கிட்ட நின்ன எனக்கே பாதிதான் கேட்டுச்சு. கைதட்டுக்கு நடுவுல ஒரு பொம்பள குரலு எங்க ஏறும்?

மொதல்ல சித்தப்பா சிரிக்கப் பாத்தாரு. தொரை மாதிரி ஒரு கைய இடுப்புல வச்சு நெஞ்ச நிமித்துனாரு, அதப் பாத்துட்டு இன்னும் தட்டுனாங்க. அப்புறம் கை தானா தொங்கிருச்சு. "நட தம்பி, ஒரே ஒரு சுத்து. பெறகு பிளேன்டீ தாரேன்"னு அப்பா பேசிக்கிட்டே நடத்துறாரு. ஒரு சுத்து முடிஞ்சுச்சு, அடுத்த சுத்து. சித்தப்பா காலு தூக்கி வைக்கல, இழுபட ஆரம்பிச்சுச்சு. வெள்ளையா கெடந்த புல்லுல அவரு கால் வெரலு ரெண்டு கறுத்த கோடு போட்டுக்கிட்டே போச்சு. அப்பா முன்னாடி பாத்து நடக்குறாரு, தோள்ல சாஞ்ச மொகத்தப் பாக்கல. மொகத்தப் பாத்தவங்க ஒவ்வொருத்தரா தட்டுறத நிறுத்துனாங்க. பின்னாடி நின்னவங்களுக்குத் தெரியாது, தட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. அவங்களும் நிறுத்துன பெறகு ஒரே ஒரு கை மட்டும் தட்டிக்கிட்டு இருந்துச்சு. பட்டைக் கட்டு மேல உக்காந்திருந்த ஒரு ரெண்டு வயசுப் புள்ள. இந்தக் குரூப்புலதான் அது இருக்கு. உம் மேல என்னப்பா குத்தம், பச்சப் புள்ள நீ.

சத்தம் நின்னதும்தான் அப்பா நின்னாரு. திரும்பவும் கழுத்துல கைய வச்சாரு. அந்தத் தடவ ஒண்ணும் சொல்லல. அப்படியே புல்லுல உக்காந்து சித்தப்பாவ மடியில போட்டுக்கிட்டாரு. நான் அந்தக் கம்பளியக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். யாரு வாங்கிப் போத்துனாங்கன்னு ஞாபகம் இல்ல.

மண்ணுல வச்சுட்டு வந்த பெறகு அம்மா அப்பாகிட்டக் கேட்டுச்சு. சண்டையாக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு. "கையில சுடலையா உங்களுக்கு? அப்படிக் கொதிச்சுதே ஒடம்பு?"

"சுட்டுச்சு"ன்னாரு அப்பா. பொறங்கையப் பாத்துக்கிட்டே, "உசுரு வருதுன்னு நெனச்சேன்டி"ன்னாரு.

படுத்துக் கெடந்த ஒவ்வொருத்தனையும் சில்லுனு தூக்கி, சூடு வந்ததும் பொழச்சான்னு பாத்துப் பழகுன கை அது. அந்தக் கைக்கு வேற ஒண்ணும் தெரியல. இத நான் புரிஞ்சுக்கவே எனக்கு நரைச்சுப்போச்சு. அந்த மைக் சார்கிட்ட இதத்தான் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ரசத்த ஊத்திட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில நான் தண்டவாளத்த அடிக்கல. அடிக்கச் சொல்ல ஆள் இல்ல. அப்பா படுத்துட்டாரு. கம்பளிய இழுத்து, தழை மறைப்புப் பக்கம் திரும்பி, தையக்கார பெரியப்பா எப்படிப் படுத்தாரோ அப்படியே.

ஆனா ஆம்பளைங்க எந்திரிச்சுட்டாங்க. யாரும் கூப்புடாம தானா வந்தாங்க, கம்பளிய மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு. அதுல எங்கப்பா ஜெயிச்சுட்டாரு, அதையும் சொல்லிரணும். எங்க குடிசை வாசல்ல வரிசையா நின்னாங்க. நான் கம்பளி வாங்க கைய நீட்டுனேன். கடைக்கார மாமா எங்கிட்டக் குடுக்கல. உள்ள வந்தாரு, படுத்திருந்த அப்பாவ ரொம்ப நேரம் பாத்தாரு, தன் கம்பளிய விரிச்சு அவரு மேல போத்திட்டுப் போனாரு. பின்னால வந்தவரும் அதையேதான் செஞ்சாரு. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து, சத்தமே இல்லாம, போத்திட்டுப் போனாங்க.

எங்கம்மாவுக்கு வெளங்கிப்போச்சு. வாசல மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. "போத்தாதீங்கய்யா! உங்கள அவரு போத்தியா விட்டாரு? அந்தக் கம்பளிய எல்லாம் புடுங்கி எறிங்க. அவரத் தூக்கி நடத்துங்க. அண்ணே, நீங்களாவது எழுப்புங்கண்ணே"ன்னு கடைக்கார மாமா கையப் புடிச்சுச்சு. மாமா கைய உருவிக்கிட்டாரு. "அந்த வேலைய இனி இந்தக் கை செய்யாது தங்கச்சி. மனுசன் தூங்கட்டும், விடு"ன்னாரு. கண்ணுல தண்ணி கொட்டுது அவருக்கு. பாசம்தான் அது. மரியாதைதான். அம்மாவும் நானும் சேந்து தூக்கிப் பாத்தோம். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவர உக்கார வைக்கக் கூட எங்களுக்குப் பெலன் பத்தல.

அது தெனமும் நடந்துச்சு. காலையில வந்து போத்திட்டு வேலைக்குப் போவாங்க, சாயந்தரம் வந்து எடுத்துக்குவாங்க. எங்கம்மா ஒவ்வொரு நாளும் கத்துச்சு, அப்புறம் அழுதுச்சு, அப்புறம் அடுப்பப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிச்சு. அப்பா கஞ்சி குடிக்கல. நான் கதையெல்லாம் சொன்னேன். சித்தப்பா சொல்லிக் குடுத்த மாதிரி தைல மூடியில விசில் அடிச்சேன், அதுக்கு மட்டும் ஒருக்க கண்ணத் தொறந்தாரு.

விடக் கூடாதவர விட்டாங்க, விட வேண்டியவர விடல. எங்கப்பா சித்தப்பாவப் படுக்க விட்டிருக்கணும். நீங்க கும்பிடுற நம்ம பெரியவங்க எங்கப்பாவத் திட்டியாவது, அடிச்சாவது எழுப்பியிருக்கணும். ஒரு ஆம்பளையக் கூட நான் மன்னிக்கல. வெறுக்கவும் முடியல, அதுதான் என் பாடு.

வாட்டில் மரமெல்லாம் மஞ்சப் பூவா பூத்திருந்த ஒரு காலையில, எல்லாரும் போத்திட்டுப் போன பெறகு, நான் அந்தக் கம்பளி அடுக்குக்குள்ள கைய விட்டேன். பீடி வாசம், வேப்பெண்ணெ வாசம், எல்லாம் இருந்துச்சு. ஊரு ஆம்பளைங்க கம்பளி மொத்தமும் அவரு மேலதான் கெடந்துச்சு. அவரு செய்ற மாதிரியே பொறங்கைய அவரு கழுத்துல வச்சுப் பாத்தேன்.

சில்லுன்னுதான் இருந்துச்சு.